கிராமத்தில் வீடு வாங்குகிறீர்களா? அனுமதி இல்லாமல் கட்டிய பகுதிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுக்குப் பிறகு ஊரில் போய் இருக்கலாம் என்று நினைப்பவர்களும், பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்க ஒரு தோட்ட வீடு தேடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டின் ஊராட்சிப் பகுதிகளைப் பற்றியவை. வீட்டைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: மண் யாருடையது, அந்த மண்ணில் வீடு கட்டலாமா, இப்போது நிற்கும் சுவர்களுக்கு அனுமதி உண்டா. ஒன்று சரியாக இருந்தால் மற்ற இரண்டும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

1. கிராமத்துல வீடு கட்டக்கூட அனுமதி வேணுமா? எங்க தாத்தா யாரையும் கேக்காமத்தானே கட்டினாரு?

வேண்டும். 1994 ஊராட்சிகள் சட்டம், அதன் கீழ் வந்த 1997 கட்டட விதிகள், அதற்கும் முந்தைய 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் ஆகியவை கிராமங்களுக்கும் பொருந்துபவை. 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சென்னை முதல் குக்கிராமம் வரை ஒரே தொகுப்பாக நடைமுறையில் இருக்கின்றன. "இது கிராமம், இங்கே அதெல்லாம் கிடையாது" என்று தரகர் சொன்னால் அவர் பழைய வழக்கத்தைச் சொல்கிறார். சட்டம் அப்படி இல்லை.

தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இன்று யாரும் வந்து கேட்பது அபூர்வம். பின்னால் சேர்த்தவைதான் சிக்கல்: ஓட்டைப் பிரித்துப் போட்ட தளம், மேலே எழுப்பிய மாடி, மாட்டுக் கொட்டகையை அடைத்துப் போட்ட படுக்கையறை, வாடகைக்கு விட ஓரமாகக் கட்டிய ஒற்றை அறை. விற்கும்போது இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். எனவே வீட்டுக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பகுதியும் எந்த ஆண்டில் வந்தது என்று கேளுங்கள்.

2. வீட்டு வரி ரசீது இருக்கு, ஈபி கனெக்‌ஷன் இருக்கு, குடிநீர் இணைப்பும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?

கட்டடம் ஒன்று நிற்கிறது என்பதற்காக ஊராட்சி வரி போடுகிறது. வரி வாங்கிக்கொண்டதாலேயே கட்டியதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது; வரி ரசீது உரிமைப் பத்திரமும் ஆகாது. மின் இணைப்புக்கும் இதே கதைதான். அனுமதி இல்லாத வீடுகளுக்கும் இவை மூன்றும் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

ஆனால் அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரி விதிப்புப் பதிவேட்டில் கட்டடத்தின் வகையும் பரப்பும் இருக்கும். பதிவேட்டில் சிறிய ஓட்டு வீடு, நேரில் பார்த்தால் இரண்டு மாடி காங்கிரீட் வீடு என்றால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அனுமதியில்லாத பகுதிதான். பழைய ரசீதுகளை ஆண்டு வாரியாகக் கேட்டு வாங்கினால் எந்தப் பகுதி எப்போது முளைத்தது என்பதும் ஓரளவு பிடிபடும்.

3. "பிளான் இருக்கு"ன்னு ஓனர் ஒரு நீலத்தாளைக் காட்டுறாரு. அது போதுமா?

பொறியாளர் வரைந்த படம் வெறும் படம். அதன் மேல் அனுமதி எண், தேதி, முத்திரை, கையெழுத்து இருக்க வேண்டும். கூடவே அனுமதி ஆணைக் கடிதமும் இருக்க வேண்டும். இரண்டும் கையில் வந்ததும் நான்கு விவரங்களை ஒத்துப் பாருங்கள்: சர்வே எண், உரிமையாளர் பெயர், எத்தனை தளம், மொத்தப் பரப்பு. பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வீட்டை அளந்துவிடுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மாடியையும் சேர்த்துக் கட்டியவர்கள் மிக அதிகம். படத்தில் பக்கவாட்டில் விடச் சொன்ன காலியிடத்தில் குளியலறையும் மாடிப்படியும் நிற்பது அதைவிட அதிகம்.

தாளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ஊராட்சி அலுவலகத்திலோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ அனுமதிக் கோப்பின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த 30 நாள் பொறுக்க முடியாது என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்கான காரணத்தை முதலில் கேளுங்கள்.

4. பஞ்சாயத்து தலைவரே கையெழுத்து போட்ட 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனையில கட்டின வீடு இது. அப்புறம் என்ன பயம்?

இங்கே இரண்டு அனுமதிகள் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு மனையில் வீடு கட்ட, குறிப்பிட்ட வரம்புக்குள், உள்ளாட்சி அமைப்பு அனுமதி தரலாம். ஒரு வயலையோ தோட்டத்தையோ பல மனைகளாகப் பிரிக்கும் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், ஒப்புதல் வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சிஎம்டிஏவின், ஒப்புதல். தலைவரின் கையெழுத்தோடு மட்டும் விற்ற 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனைகள் சட்டப்படி அங்கீகாரமில்லாத மனைகளே.

இப்படி விற்ற மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அடுத்து, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. உங்கள் வீடு அப்படிப்பட்ட மனையில் நின்றால், அந்த மனைக்கு வரன்முறை ஆணை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் மனையிலும் குறை, கட்டடத்திலும் குறை. மனை சரியாகாமல் கட்டடத்துக்கு அனுமதி கேட்கவே முடியாது.

5. பதிவே ஆயிடும்னு பத்திர எழுத்தர் உறுதியா சொல்றாரு. பதிவானா சட்டப்படி சரின்னுதானே அர்த்தம்?

அல்ல. அங்கீகாரமில்லாத மனையாக இருந்தாலும் அது ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடியும் பதியலாம் என்று 22-அ பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. எழுத்தர் சொல்வது அதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சார்பதிவாளர் உங்கள் மாடிக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆராய்ந்து சான்று தருபவர் அல்ல. பத்திரம் பதிவாவதால் விற்பவருக்கு இருந்த உரிமை உங்களுக்கு மாறுகிறது. அவருக்கு இல்லாதது உங்களுக்கும் வராது. அவரிடமிருந்த குறை மட்டும் தவறாமல் வந்து சேரும்.

வில்லங்கச் சான்றுக்கும் இதே எல்லைதான். அதில் பதிவான பத்திரங்களும் அடமானங்களும் தெரியும். அனுமதி மீறல் எந்த வில்லங்கத்திலும் வராது.

6. நத்தம் நிலம்னா பயமே இல்லையாமே?

ஓரளவு உண்மை. கிராம நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருப்பதற்காக ஒதுக்கிய நிலம். வீடு கட்டிக் குடியிருக்கும் நத்தம் அரசுக்குச் சொந்தமானதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து முதலில் தோராயப் பட்டாவும் பிறகு தூய பட்டாவும் கொடுத்தார்கள். விற்பவர் காட்டுவது எந்தப் பட்டா, யார் பெயரில், எத்தனை சதுர மீட்டர் என்று பாருங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், விற்பவரின் அக்கா தங்கைகள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

நத்தத்தில் நான் அஞ்சுவது அளவைத்தான். பழைய ஊர்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். திண்ணை தெருவில், வாசற்படி சாக்கடைக்கு மேலே, பின்பக்கக் கழிவறை பொதுச் சந்தில் என்று கொஞ்சம் கொஞ்சமாக வீடு வெளியே நகர்ந்திருக்கும். பட்டாவில் உள்ள பரப்பைவிட நேரில் இருக்கும் வீடு பெரிது என்றால் அந்த மிச்சம் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். நத்தம் புலப்பட நகலை வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து கல் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட இருக்கச் சொல்லுங்கள். கட்ட அனுமதி வேண்டும் என்று முதல் கேள்வியில் சொன்னது நத்தத்துக்கும் பொருந்தும்.

சிலர் 'நத்தம்' என்று வாய்மொழியாகச் சொல்வது பதிவேட்டில் வண்டிப்பாதையாகவோ ஓடைப் புறம்போக்காகவோ இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டில், அந்த சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் நத்தம் என்ற சொல்லை நம்பாதீர்கள்.

7. பின்பக்கம் ரெண்டு ரூம் புறம்போக்குல இருக்கு. ஆனா இருபது வருஷமா யாரும் கேக்கல, பி மெமோவும் கட்டிட்டு வர்றாங்க. வாங்கலாமா?

பி மெமோ உங்களுக்குச் சாதகமான ஆவணம் அல்ல. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, இந்த இடத்தை ஆக்கிரமித்திருக்கிறீர்கள் என்று அரசு போடும் தண்டத் தீர்வை அது. அதைக் கட்டிய ரசீதுகளை உரிமைச் சான்று போல அடுக்கி வைத்துக் காட்டுபவர், தான் ஆக்கிரமித்ததைத் தானே எழுத்தில் ஒப்புக்கொண்டவர். இருபது ஆண்டு என்பதும் கைகொடுக்காது; அரசு நிலத்தில் அனுபவ பாத்தியம், அதாவது நீண்ட காலம் அனுபவித்ததை வைத்து உரிமை, கோரவே 30 ஆண்டுக்கு மேல் இடையறாத அனுபவம் வேண்டும். அதையும் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும்.

அந்த இடம் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்றால் பேச்சே வேண்டாம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வீடுகளை இடிப்பதற்கு முன் 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த பாதுகாப்புகூட சாலை, தெரு, ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள கட்டுமானங்களுக்குப் பொருந்தாது. பட்டா உள்ள முன்பகுதிக்கு மட்டும் விலை பேசுங்கள். பின்னால் இருக்கும் இரண்டு அறைக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். அந்த அறைகள் போய்விட்டால் சமையலறையும் கழிவறையும் இல்லாமல் வீடு நிற்குமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

8. காலனி வீடு, இலவசப் பட்டா வீடு ரொம்பக் குறைஞ்ச விலைக்கு வருது…

இலவச வீட்டுமனைப் பட்டாவின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சிட்டிருக்கும். குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. மீறினால் பட்டா ரத்தாகி நிலம் அரசுக்குத் திரும்பும். பஞ்சமி நிலம் இன்னும் கண்டிப்பானது. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஒதுக்கிய அந்த நிலத்தை வேறு சமூகத்தார் வாங்க முடியாது. வாங்கிப் பதிவே செய்திருந்தாலும் செல்லாது. ஏழைக்குக் கொடுத்த நிலத்தை அவருடைய அவசரத்தைப் பயன்படுத்திக் குறைந்த விலைக்கு வாங்குவதில் சட்டச் சிக்கலைத் தாண்டிய தவறும் இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

9. இடம் கோயிலுக்கு, கட்டடம் மட்டும் எங்களுக்குன்னு சொல்லி விக்கிறாங்க.

இது அடிமனை. தஞ்சை, கும்பகோணம், திருவாரூர் பக்கம் மிகவும் சாதாரணம். நிலத்தை விற்க யாருக்கும் உரிமையில்லை. 1959 அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி ஆணையரின் முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. நீங்கள் வாங்குவது செங்கலையும் மரத்தையும் மட்டுமே. வாங்கினால் கோயில் உங்களை வாடகைதாரராக ஏற்று எழுத்தில் தர வேண்டும், பழைய வாடகைப் பாக்கி தீர்ந்திருக்க வேண்டும், புதிதாக ஒரு அறை போடவும் கோயிலின் சம்மதம் வேண்டும். நிலத்துக்கும் சேர்த்த விலையை இதற்குக் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

10. வயலுக்கு நடுவுல அழகா ஒரு பண்ணை வீடு. மூணு ஏக்கரோட வருது. இதுல என்ன பிரச்சினை வரும்?

நிலம் பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, திட்டமில்லாப் பகுதிகளுக்கென 2017-இல் தனி விதிகள் வந்தன. நஞ்சைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. மோட்டார் அறை என்று தொடங்கி, வேலையாள் தங்கும் அறையாகி, கடைசியில் ஏசி போட்ட மூன்று படுக்கையறை வீடாக வளர்ந்த கட்டடங்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தாளும் இருக்காது. வாரக்கடைசி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று விற்பவர் கணக்குக் காட்டினால் இன்னும் கவனம் தேவை. குடியிருப்புக்கு அனுமதி இருந்தால்கூட அது தங்கும் விடுதிக்கான அனுமதி ஆகாது.

இன்னொன்றும் பாருங்கள்: வீட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? விவசாய பம்புசெட்டுக்கான இலவச இணைப்பிலிருந்து கம்பி இழுத்திருந்தால், அது 2003 மின்சாரச் சட்டப்படி முறைகேடான பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள்.

11. கொடைக்கானல் பக்கம் ஒரு காட்டேஜ் பாத்தோம். இல்லன்னா கடற்கரைச்சாலையில ஒண்ணு. இங்கெல்லாம் வேற சட்டமா?

மேலே சொன்னவை எல்லாம் உண்டு. அவற்றோடு கூடுதல் சட்டங்களும் உண்டு. மலைப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வரும் கிராமங்களின் பட்டியல் 1990-லேயே வந்துவிட்டது. அங்கே சாதாரண வீட்டுக்கும் கூடுதல் ஒப்புதல்கள் வேண்டும். நீதிமன்ற உத்தரவின் பேரில் 2019-இல் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்தார்கள். நீலகிரியின் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018-இல் சீல் விழுந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. அந்த இடங்களை வாங்கியவர்களிடமும் பத்திரம் இருந்தது. கூடலூர் பக்கம் 'செக்‌ஷன் 17 நிலம்' என்று யாராவது சொன்னால், 1969 ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் இன்னும் முடிவாகாத நிலம் என்று புரிந்துகொள்ளுங்கள். தனியார் காடு என்று அறிவித்த நிலத்தை 1949 சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது.

கடற்கரையில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிக்கையின்படி மக்கள் அடர்த்தி மிகுந்த கிராமப் பகுதி என்றால் உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டரும், அடர்த்தி குறைந்த கிராமப் பகுதி என்றால் 200 மீட்டரும் வளர்ச்சியில்லா மண்டலம், அதாவது புதிதாகக் கட்ட விடாத பகுதி. கடல் தெரியும் வராந்தாவுக்காகத்தான் விலை ஏறுகிறது. இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் முதலில் போவதும் அந்த வராந்தாதான்.

12. குறைஞ்ச விலைக்கு வாங்கிட்டு, அப்புறம் நானே அனுமதி வாங்கிக்கலாம்ல?

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தை மனதில் வைத்துப் பலர் இதைக் கேட்கிறார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது, கிராமங்களுக்கும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கானது. நிற்கும் வீட்டைக் கட்டப் போவதாகக் காட்டி விண்ணப்பித்தால் அந்தப் பொய்ச் சான்றில் கையெழுத்து உங்களுடையது.

2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு மட்டும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் விலக்கு வழி வைத்தார்கள். அதற்கும் கால வரம்பு உண்டு; இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதற்குப் பின் கட்டியது என்றால் விதிக்குள் அடங்கும் பகுதியை வைத்துக்கொண்டு மீறிய பகுதியை இடிப்பதுதான் நேர்வழி. பக்கவாட்டில் இடமே விடாமல் எழுப்பிய சுவருக்கு எந்தக் கட்டணமும் அனுமதி வாங்கித் தராது. சரிசெய்யக்கூடிய குறை என்றால் விற்பவரே சரிசெய்து தரட்டும், பிறகு பத்திரம் போடலாம் என்று சொல்லுங்கள். அவர் தயங்கினால் அது எளிதில் தீராத குறை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

13. கட்டினது பழைய ஓனர். நோட்டீஸ் எனக்கு எப்படி வரும்?

மீறல் கட்டடத்தோடு ஒட்டியது. நடவடிக்கை எடுக்கும் நாளில் யார் உரிமையாளரோ, யார் குடியிருக்கிறாரோ அவருக்கே நோட்டீஸ் வரும். எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும், அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டிருந்தாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் அனுமதியில்லாத கட்டுமானம் அதனால் சட்டப்பூர்வமாகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தகராறில்தான் இது கிளம்பும். பழைய ஓனர் ஊர்க்காரர், சொந்தக்காரர், அதனால் பொறுத்திருப்பார்கள். நீங்கள் வெளியூர்.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். அறையை நேரில் பார்த்து, அனுமதித் தாளைக் கேட்காமல் வாங்கியவருக்கு இந்தப் பிரிவு அதிகம் உதவாது. கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். இழப்பு வந்தால் ஈடுசெய்வதாகப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் விற்ற பணத்தோடு அவர் பிள்ளையிடம் வெளிநாடு போய்விட்டால் அந்த வரியை வைத்துக்கொண்டு வழக்குத்தான் போட முடியும்.

14. பத்திரத்துல கட்டடத்தையே காட்டாம வெறும் மனைன்னு எழுதிட்டா, அனுமதிப் பிரச்சினையும் இல்ல, செலவும் குறையும்னு சொல்றாங்களே?

கூடவே கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டட மதிப்பில் இந்த 9 சதவீதத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த யோசனை. சொத்தின் மதிப்பைப் பாதிக்கும் எல்லா விவரங்களையும் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று முத்திரைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மறைத்தால் குறைவுத் தீர்வையோடு தண்டனையும் உண்டு. நாளைக்கு அந்தப் பத்திரத்தைக் காட்டி 'இந்த வீட்டை நான் வாங்கினேன்' என்று உங்களால் நிரூபிக்க முடியாது. வரி ரசீதைப் பெயர் மாற்றும்போதே தடுமாற்றம் தொடங்கிவிடும்.

விலையில் ஒரு பங்கை ரொக்கமாகக் கேட்பதும் இதோடு சேர்ந்தே வரும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டவருக்கு அதே அளவு தண்டம். ரொக்கமாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க உங்களிடமும் ஆதாரம் இருக்காது.

15. பேங்க் லோன் கிடைச்சா எல்லாம் சரின்னு எடுத்துக்கலாமா?

வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு பார்க்கிறார். அனுமதி பெற்ற பரப்பை மட்டும் மதிப்பிட்டு அதற்குள் கடன் கொடுத்தால் வங்கிக்கு ஆபத்தில்லை. மீதிப் பணம் உங்களுடையது. இருந்தாலும் விண்ணப்பித்துப் பார்ப்பது நல்லது. அவர்கள் எந்த அறைகளை மதிப்பீட்டில் சேர்க்கவில்லை என்பது உங்களுக்குப் பயனுள்ள தகவல். அனுமதித் தாள் கேட்காமல் அதிக வட்டிக்குக் கடன் தர ஒரு நிதி நிறுவனம் முன்வந்தால், அந்த வட்டி எந்த ஆபத்துக்கான விலை என்று யோசியுங்கள்.

16. அட்வான்ஸ் குடுத்தாச்சு. இப்பத்தான் மாடிக்கு அனுமதி இல்லைன்னு தெரியுது. பணம் போச்சா?

போகவில்லை, நாளைக் கடத்தினால்தான் போகும். முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். உங்களுடையது வெறும் முத்திரைத்தாளில் இருந்தால் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் 'எல்லா அனுமதிகளும் பெற்ற வீடு' என்பது போன்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் நிலை வலுவானது. இல்லாவிட்டாலும் அனுமதி ஆணையைக் குறிப்பிட்ட தேதிக்குள் தரச் சொல்லி ஒப்புகையோடு விரைவுத் தபாலில் கேளுங்கள். போனில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான் காலம்.

நீங்கள் வாங்க மறுப்பதற்கு நியாயமான காரணம் இருந்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை, அதாவது அந்தச் சொத்திலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமை, உண்டு. 13-ஆவது கேள்வியில் சொன்ன அதே 55-ஆவது பிரிவு இதையும் தருகிறது. இதை நோட்டீஸில் எழுதிவிட்டாலே பல விற்பனையாளர்கள் பேச்சுக்கு வருவார்கள். வீடு உங்களுக்கு மிகவும் பிடித்திருந்து, மனையும் கீழ்த்தளமும் சுத்தமாக இருந்தால், மாடி இல்லாத வீடு என்று வைத்து விலையைத் திரும்பப் பேசுங்கள்; மாடியை இடிக்க ஆகும் செலவையும் அதில் கழிக்கச் சொல்லுங்கள். அந்த விலைக்கு அவர் இறங்காவிட்டால் முன்பணத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் ரத்துப் பத்திரமும் போட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.